காட்டுப் பாதைக்கு எத்தனை சிசி? டர்ட் பைக் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கு வர்ஜீனியா, பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற அமெரிக்க மாநிலங்களில் காட்டுக்குள் டர்ட் பைக் ஓட்டுவது என்றால் பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையில் ஓட்டுவதுதான். ஹேண்டில்பாரை விடச் சற்றே அகலமான இடைவெளியில் இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து, ஈரமான வேர்களின் மேல் ஏறி, உருளைக்கற்கள் நிறைந்த ஓடையைக் கடந்து, மூச்சு விடுவதற்குள் ஒரு செங்குத்தான மேட்டில் திரும்ப வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட பாதையில் வண்டி மூன்றாம் கியரைத் தாண்டுவது அரிது. ஆகவே எஞ்சின் உச்சத்தில் எத்தனை குதிரைத்திறன் தருகிறது என்பதைவிட, ஆக்சிலரேட்டரை முதன்முதலில் சிறிதளவு திருகும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதே இங்கு முக்கியம். எத்தனை சிசி வாங்கலாம் என்று யோசிப்பவர் இந்த ஒரு கேள்வியை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கடைக்காரரும் நண்பர்களும் சொல்லும் எண்களுக்கு நடுவே தடுமாற மாட்டார்.

சிசி எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு 250 என்ற எண்ணே நல்ல சான்று. ஹோண்டா சிஆர்எஃப்250எஃப் காற்றால் குளிரும் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட சாதுவான வண்டி. பெட்ரோல், எண்ணெய் எல்லாம் சேர்த்து 120 கிலோ எடை. புதிதாகப் பழகுபவரைப் பயமுறுத்தாது. அதே நிறுவனத்தின் சிஆர்எஃப்250ஆர்எக்ஸ் பந்தயத்துக்கென்று செய்யப்பட்டது. எஞ்சின் வேகம் ஏற ஏறத்தான் அதன் பலம் வெளிவரும். யமஹா ஒய்இசட்250எக்ஸ் டூ-ஸ்ட்ரோக். கிக்கரை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அதன் பலம் வேறு கணக்கில் வரும். மூன்றிலும் சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஓட்டும்போது மூன்றும் மூன்று வேறு வண்டிகள். எனவே எஞ்சின் எந்த வகை, எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொண்ட பிறகே அளவைப் பற்றிப் பேசுவது பொருத்தம்.

டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒருமுறை எரிதல் நடக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அதனால் ஒரே கொள்ளளவில் டூ-ஸ்ட்ரோக் கூடுதல் பலம் தரும். அமெரிக்க மோட்டோகிராஸ் (மேடுபள்ளம் நிறைந்த மூடிய மண்தடத்தில் நடக்கும் பந்தயம்) போட்டிகளில் 125 டூ-ஸ்ட்ரோக்குக்கு எதிராக 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கையும், 250 டூ-ஸ்ட்ரோக்குக்கு எதிராக 450 ஃபோர்-ஸ்ட்ரோக்கையும் ஒரே பிரிவில் ஓட விட்ட வழக்கம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததே. சிறிய சிசி என்பதால் 250 டூ-ஸ்ட்ரோக் எளிதாக இருக்கும் என்று எண்ணுபவர்கள் இதை அவசியம் நினைவில் கொள்ள வேண்டும்.

காட்டில் இந்த இரண்டு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு பலத்தோடு முடிந்துவிடுவதில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு, கேம்ஷாஃப்ட் முதலியவை இல்லாததால் எஞ்சின் இலேசானது. வண்டியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ப்பதும், விழுந்த வண்டியைத் தூக்குவதும் எளிது. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் ஃபோர்-ஸ்ட்ரோக் இழுத்துப் பிடிப்பதுபோல டூ-ஸ்ட்ரோக் பிடிக்காது. சறுக்கலான இறக்கத்தில் எஞ்சினே வேகத்தைக் குறைத்துத் தருவது ஃபோர்-ஸ்ட்ரோக்கின் பெரிய உதவி. டூ-ஸ்ட்ரோக்கில் அந்த வேலை முழுவதையும் பிரேக்குகளே செய்ய வேண்டும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக்காக இருந்தால், நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடியே வைத்திருக்கக் கூடாது. உள்ளே எண்ணெய் போதிய அளவு செல்வதற்காக அவ்வப்போது சிறிது திருகிவிட வேண்டும்.

பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனையும் ரிங்கையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தாலும், கைவேலை தெரிந்தவர் வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றிவிடலாம், செலவும் குறைவு. பந்தய வகை ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பதும் எண்ணெயை அடிக்கடி மாற்றுவதும் தவறினால் வரும் செலவு மிகப் பெரியது. காற்றால் குளிரும் சாதாரண ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளோ, எண்ணெயும் காற்று வடிகட்டியும் ஒழுங்காகக் கவனிக்கப்பட்டால் ஆண்டுக்கணக்கில் தொந்தரவின்றி ஓடும். வேலைக்குப் போய்க்கொண்டு வார இறுதியில் மட்டும் ஓட்டுபவருக்கு இது சிறிய விஷயம் அன்று.

ஒரே மேடு, மூன்று எஞ்சின்கள்

எஞ்சின் அளவின் உண்மையான பொருள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். மழை பெய்து ஓய்ந்த காலை. இடப்புறம் வளைந்து ஏறும் மேடு. வளைவின் நடுவே மணிக்கட்டு கனமுள்ள இரண்டு வேர்கள் பாதைக்குக் குறுக்கே பளபளவென்று கிடக்கின்றன. ஓடி வந்து ஏறுவதற்கு முன்னால் இடமில்லை. ஏறக்குறைய நடை வேகத்தில்தான் மேட்டின் அடியை அடைய முடியும்.

450 மோட்டோகிராஸ் வண்டியில் வருபவரிடம் ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் அவருக்குத் தேவை அதில் ஒரு சிறு பங்குதான். கியர் விகிதம் வேகத்துக்காக அமைந்திருப்பதால் முதல் கியரில்கூட வண்டி வேகமாகப் போக விரும்புகிறது; மெதுவாக்கினால் எஞ்சின் அணையப் பார்க்கிறது. அவர் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு சற்றே திருகுகிறார். பின்சக்கரம் முதல் வேரைத் தொடும்போது பலம் ஒரே அடியாக வந்து, டயர் வேரின் மேல் சுழன்று வண்டி பக்கவாட்டில் வழுக்குகிறது. உடல் பின்னால் சாய்கையில் கை தானாகவே இன்னும் திருகிவிடுகிறது. ஒருமுறை இப்படி நடந்தால் சமாளித்துவிடலாம். ஒரு மணி நேரம் இதே போராட்டம் தொடர்ந்தால் முன்கைகள் இறுகி, விரல்கள் கிளட்சைப் பிடிக்க மறுக்கும்.

125 டூ-ஸ்ட்ரோக்கில் வருபவருக்கு எடை ஒரு தொல்லையே இல்லை. வண்டி நினைத்த பக்கம் திரும்புகிறது. ஆனால் அதன் பலம் முழுவதும் எஞ்சின் வேகமாகச் சுழலும் மேல்பகுதியில் இருக்கிறது. வேரில் மோதி வேகம் குறைந்தவுடன் எஞ்சின் சோர்ந்துவிடுகிறது. கிளட்சை விட்டுப் பிடித்து மறுபடி வேகத்தை ஏற்றியாக வேண்டும், அதற்குள் மேட்டில் வண்டி நின்றுவிடுகிறது. தேர்ந்த கையிருந்தால் 125 காட்டில் பறக்கும். உடல் எடை 90 கிலோவைத் தாண்டியவருக்கும், கிளட்ச் கையாளுதல் இன்னும் படியாதவருக்கும் இதே மேடு பெருந்துன்பம்.

300 டூ-ஸ்ட்ரோக்கில் வருபவர் இரண்டாம் கியரில், எஞ்சின் மெல்ல உறுமும் நிலையிலேயே ஏறுகிறார். கீழ்நிலைச் சுழற்சியிலேயே போதுமான இழுவிசை இருப்பதால் கிளட்சை அதிகம் தொட வேண்டியதில்லை. பின்சக்கரம் சுழன்று வழுக்காமல் வேரைக் கடித்துக்கொண்டு உருள்கிறது. ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் போன்ற கடும் என்டியூரோ (காடு, பாறை, மலை வழியே நெடுநேரம் ஓடும் பந்தயம்) போட்டிகளில் 300 டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் முன்வரிசையில் நிற்பதற்கு அடிப்படைக் காரணம் அவற்றின் வேகம் அன்று, இந்த இழுவைதான்.

250க்கும் 300க்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் எடை வேறுபாடு என்று எண்ணுகிறார்கள். கேடிஎம் 250, 300 டூ-ஸ்ட்ரோக் என்டியூரோ வண்டிகளில் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் இரண்டிலும் 72 மி.மீ.தான், சிலிண்டரின் விட்டம் மட்டும் ஒன்றில் 66.4 மி.மீ., மற்றதில் 72 மி.மீ. சட்டகம், சஸ்பென்ஷன், கியர்பெட்டி எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. தராசில் வைத்தால் சொல்லத்தக்க வேறுபாடு இராது. ஆனால் 250 சுறுசுறுப்பாகச் சுழன்று, ஓட்டும்போது இலேசான வண்டி என்ற உணர்வைத் தருகிறது. 300 சோம்பலாகத் தொடங்கி ஆழமாக இழுக்கிறது. கிளட்சும் கியரும் மாற்றி மாற்றி உழைத்து ஓட்டப் பிடித்தவருக்கு 250. ஒரே கியரில் நிதானமாக ஏறிப் போக விரும்புபவருக்கு 300. பெரிய எண்ணுள்ள வண்டி இங்கு எளிதாக ஓட்டக்கூடியதாக அமைவது புதியவர்களுக்கு வியப்பளிக்கலாம்.

யாருக்கு எது

முதன்முறையாக மண்ணில் ஓட்டப்போகும் பெரியவருக்கு நான் தயங்காமல் சொல்வது 230 முதல் 250 வரையிலான, காற்றால் குளிரும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியைத்தான். ஹோண்டா சிஆர்எஃப்250எஃப், யமஹா டிடி-ஆர்230, கவாசாகி கேஎல்எக்ஸ்230ஆர் ஆகிய மூன்றும் இந்த வகை. மூன்றிலும் பட்டனை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். ஹோண்டாவில் இருக்கை உயரம் சுமார் 88 செ.மீ.; கேடிஎம் போன்ற முழு அளவு என்டியூரோ வண்டிகளில் அது 95 செ.மீ.க்கு மேல் போகிறது. மேட்டின் நடுவே வண்டி நின்றுபோய், ஒரு காலை ஊன்றியே தீர வேண்டிய நேரத்தில் இந்த ஏழெட்டு சென்டிமீட்டர் எவ்வளவு பெரியது என்பது தெரியும். இந்த வண்டிகளின் சஸ்பென்ஷன் மென்மையானது; வேகமாகப் போய்க் கற்களில் குதித்தால் அடிவரை இறங்கும். அந்த வேகம் வரும்போது வண்டியை மாற்றிக்கொள்ளலாம். இவை நல்ல விலைக்கு மறுபடி விற்கக்கூடியவை.

தார்ச்சாலையில் பல ஆண்டுகள் பெரிய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள்தான் இந்த அறிவுரையை ஏற்க மிகவும் தயங்குகிறார்கள். ஊரில் 350 புல்லட் ஓட்டியவருக்கு 230 சிசி என்பது சிறுபிள்ளை வண்டிபோலத் தோன்றுவது இயற்கை. ஆனால் தார்ச்சாலையில் டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் ஈரமான இலைச்சருகின் மேல் கிடைப்பதில்லை. பிடிமானம் இல்லாத இடத்தில் கூடுதல் பலம் ஓட்டுபவருக்கு உதவாமல், அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது.

அடிப்படை படிந்து, அடுத்த நிலைக்குப் போக விரும்புபவருக்கு இரண்டு நல்ல வழிகள் உள்ளன. ஒன்று 250 அல்லது 300 டூ-ஸ்ட்ரோக். மற்றது 250 அல்லது 350 ஃபோர்-ஸ்ட்ரோக். இருக்கை உயரத்தைப் பார்த்துத் தயங்குபவர்கள் பீட்டா எக்ஸ்டிரெய்னரைப் பார்க்கலாம். அது 300 டூ-ஸ்ட்ரோக்தான், ஆனால் உயரம் குறைவாகவும் எஞ்சின் மென்மையாகவும் அமைக்கப்பட்டது. 350 ஃபோர்-ஸ்ட்ரோக்கின் சிறப்பு அதன் நடுநிலை: 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கை ஓட்டுவதுபோல ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, 450ஐப்போல அது கையைப் பிடுங்குவதும் இல்லை. ஜிஎன்சிசி என்று அழைக்கப்படும் அமெரிக்கக் காட்டுப் பந்தயத் தொடரில் 2013 முதல் 2020 வரை தொடர்ந்து எட்டுமுறை பட்டம் வென்ற கைலப் ரஸ்ஸல் 350 சிசி கேடிஎம் வண்டியில் வென்றிருக்கிறார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீளும் பந்தயத்தில், 450 ஓட்ட அனுமதி உள்ள பிரிவில், உலகத்தரம் வாய்ந்த ஒருவர் 350ஐத் தேர்ந்தெடுத்தார் என்பதை வார இறுதி ஓட்டுநர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும்.

450க்கும் 500க்கும் காட்டில் இடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மரங்களுக்கு இடையே அகலமான பாதை, நீண்ட மணல்வெளி, அடிக்கடி குறுக்கிடும் காட்டுச்சாலை ஆகியவை உள்ள பகுதிகளில், நல்ல உடல்வலுவும் அனுபவமும் உள்ளவர் அவற்றை மகிழ்ச்சியோடு ஓட்டுகிறார். ஒதுக்க வேண்டியது மோட்டோகிராஸுக்கென்றே செய்யப்பட்ட 450ஐ மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கி இறுக்கமான காட்டுக்குள் கொண்டுபோவதை. அதன் பின்சக்கரம் 19 அங்குலம். காட்டுக்கு ஏற்றது, கல்லடியைத் தாங்க உயரமான டயர் போடத்தக்க 18 அங்குலம். ரேடியேட்டருக்கு மின்விசிறி இருக்காது. மெதுவாக ஏறும் இடத்தில் காற்றோட்டமின்றி நீர் கொதித்து வெளியேறும். அமெரிக்க தேசிய வனங்களில் சைலன்சரில் தீப்பொறித் தடுப்பான் இருக்க வேண்டும் என்பது சட்டம். மோட்டோகிராஸ் வண்டியில் அது இராது. இவற்றையெல்லாம் மாற்றி முடிக்கும்போது, மலிவாக வாங்கியதன் பயன் போய்விடும்.

சிறுவர்களைப் பொறுத்தவரை அளவை வயதைவிட உயரமும் எடையும் தீர்மானிக்கட்டும். 50, 110, 125 என்று ஃபோர்-ஸ்ட்ரோக்கில் படிப்படியாக ஏறுவதே நல்லது. வளர்ந்த பிறகு சரியாகிவிடும் என்று பெரிய வண்டியை வாங்கித் தருவது செருப்பு விஷயத்தில் வேண்டுமானால் பொருந்தும்; இங்கு அது எலும்பு முறிவில் முடியும்.

நிலமும் உயரமும்

ஒரே மனிதருக்கு ஓட்டும் இடத்தைப் பொறுத்து விடை மாறும். பென்சில்வேனியாவின் பாறைப் பாதைகளிலும் மேற்கு வர்ஜீனியாவின் களிமண் மேடுகளிலும் கீழ்நிலை இழுவையே எல்லாம். நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ், மிச்சிகனின் வடபகுதி ஆகியவற்றின் மணல் பலத்தை உறிஞ்சிவிடும். அங்கு முன்சக்கரம் மணலில் புதையாமல் மிதந்து செல்ல வேண்டுமானால் எஞ்சின் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆதலால் 125 ஓட்டுபவர் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். கொலராடோவில் பாதைகள் 3,000 மீட்டருக்கு மேலேயும் செல்கின்றன. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் எஞ்சின் தன் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழப்பதால், கடல்மட்டத்தில் போதுமானதாக இருந்த 230 அங்கே மூச்சுத் திணறும். கார்புரேட்டர் உள்ள வண்டியில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டையும் மாற்ற வேண்டும். மலையில்தான் பெரும்பாலும் ஓட்டப்போகிறோம் என்றால் ஒரு படி பெரிய எஞ்சினை வாங்குவது நியாயமே.

இவையெல்லாம் மோட்டார் சைக்கிளுக்கென்று சட்டப்படி திறந்துவிடப்பட்ட பாதைகளைப் பற்றிய பேச்சு என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். நம் காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். தமிழ்நாட்டில் பழகுவதற்குத் தனியார் பயிற்சித் திடல்களே சரியான இடம்.

வாங்கிய அளவைப் பாதைக்கு ஏற்பப் பழக்குதல்

வண்டியை மாற்றாமலேயே அதன் குணத்தைக் கணிசமாக மாற்ற முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதலில் பார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். முன்புறம் 13 பல்லும் பின்புறம் 50 பல்லும் இருந்தால் விகிதம் 3.85. முன்புறம் ஒரு பல்லைக் குறைத்து 12 போட்டால் 4.17 ஆகிறது, பின்புறத்தில் 54 பல் போட்டாலும் ஏறத்தாழ இதே எண்தான் வரும். முன்புற ஸ்ப்ராக்கெட் விலை குறைவு, மாற்றுவதும் எளிது; பின்புறம் பெரிதாக்கினால் பெரும்பாலும் நீளமான செயினும் வாங்க நேரிடும். இந்த ஒரு பல் மாற்றத்தால் நடை வேகத்தில் இரண்டாம் கியரில் செல்வது எளிதாகிறது, எஞ்சின் அணைவது குறைகிறது. அகன்ற சாலையில் உச்ச வேகம் குறைவது இதற்குக் கொடுக்கும் விலை. காட்டில் அதை யாரும் தேடுவதில்லை.

அடுத்தது ஃப்ளைவீல் (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) எடை. கிராங்கின் ஒரு முனையில் கூடுதல் எடையைப் பொருத்தினால் எஞ்சின் சட்டென்று வேகம் ஏறுவதும் சட்டென்று அணைவதும் குறையும்; 250 டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டியைக் காட்டுக்குப் பழக்குவதற்கு இது மிகப் பழைய, நம்பகமான வழி. ரெக்லூஸ் போன்ற தானியங்கி கிளட்ச் பொருத்தினால் எஞ்சின் வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாகவே விடுபட்டு, வண்டி அணையாமல் நிற்கும். விலை அதிகம், ஆனால் மணிக்கட்டு வலியுள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது உண்மையான வரம். பெரிய எஞ்சினை அடக்குவதற்கான இந்த வழிகளைப்போலச் சிறிய எஞ்சினை வளர்ப்பதற்கான வழிகளும் உண்டு. ஆனால் பெரிய பிஸ்டன், உயர் அழுத்தம் என்று அதில் இறங்கினால் செலவும் கோளாறும் கூடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஓட்டிப் பார்க்கும் முறை

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், நேர்ச்சாலையில் வேகமாகப் போய்வருவதால் எதுவும் தெரியாது. இரண்டாம் கியரில், கிளட்சைத் தொடாமல், எவ்வளவு மெதுவாகப் போக முடிகிறது என்று பாருங்கள். எஞ்சின் திக்கித் திணறி அணைந்தால் காட்டில் இடதுகைக்கு ஓய்வே கிடைக்காது. அதே வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு திருகுங்கள். வண்டி இழுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், துள்ளிக் கிளம்பக் கூடாது. பிறகு ஒரு சரிவில் நிறுத்தி, அங்கிருந்தே மறுபடி கிளப்பிப் பாருங்கள். கடைசியாக, உரிமையாளரின் அனுமதியோடு புல்தரையில் வண்டியை மெதுவாகப் படுக்கவைத்து, தனியாளாக மூன்று முறை அடுத்தடுத்துத் தூக்கிப் பாருங்கள். மூன்றாவது முறை மூச்சு வாங்கி இடுப்பு வலித்தால், அந்த வண்டி எவ்வளவு நல்ல எஞ்சின் கொண்டதாக இருந்தாலும் அதைவிட இலேசான ஒன்றைத் தேடுவதே உத்தமம்.

பழைய வண்டியாக இருந்தால் இன்னும் சில சோதனைகள் தேவை. இந்த வண்டிகளின் வயதைக் கிலோமீட்டரால் அளப்பதில்லை, ஓடிய மணி நேரத்தால் அளக்கிறார்கள். மணிக்கணக்கி பொருத்தியிருந்தால் அதன் எண்ணையும், பிஸ்டன் எத்தனையாவது மணியில் மாற்றப்பட்டது என்பதையும் கேளுங்கள். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், அது ஆறும்வரை காத்திருந்து நீங்களே கிளப்புங்கள், ஏனென்றால் தேய்ந்த எஞ்சினின் குறைகள் குளிர்ந்த நிலையில்தான் வெளிப்படும். காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து, வடிகட்டிக்குப் பின்னால் எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் அது சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது என்று பொருள். பிஸ்டனும் சிலிண்டரும் புதிதாகப் போடுவதற்கு ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள், அதற்கு அவர் ஒப்பாவிட்டால் வேறு வண்டியைப் பாருங்கள்.